டாய்லெட் வாசலில் ஒரு வார்த்தை

என் செல்லத் தம்பி முரளிக்கு,

நீ இருக்குற இடத்துல சத்தம் கித்தம் உண்டாடா? மொதல்ல அதச் சொல்லு. இங்க உன் மகளுக்குச் சத்தம்தான் பெரிய எதிரி. அந்தக் கதைய உங்கிட்டச் சொல்லாம எனக்கு ஆறாது. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

உன் வருஷத் திதி வருது. பேப்பர்ல படம் போட்டு நினைவஞ்சலி போடலாம்னு உன் பொண்டாட்டி கவிதா சொன்னா. நான் வேணாம்னுட்டேன். பேப்பர்காரங்க செத்தவங்க எல்லாருக்கும் ஒரே கவிதையத்தான் வச்சிருக்காங்க, பேர மட்டும் மாத்துறாங்க. ஊருக்கெல்லாம் போட்ட கவிதைய என் தம்பிக்கும் போடுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

"ஒனக்கு எதுலதான் நம்பிக்கை?"ன்னு நீ சிரிக்கிறது கேக்குது. என்ன பண்றது? பினாங்கு சூலியா தெருவுல காசு மாத்துற கடையில இத்தன வருஷமா உட்கார்ந்திருக்கேன். யாரு நோட்டு நீட்டினாலும் பெருவிரல்ல தேய்ச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் கல்லாவுல போடுவேன். "எங்க அக்கா, சாமியே நேர்ல வந்து நின்னாலும் லைட்டுல காட்டிப் பார்ப்பா"ன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. நீ எனக்கு நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் உனக்கு. நெஞ்சு வலிய வாயுன்னு நம்பினவன்தானே நீ. அந்த ஒரு விஷயத்துலயாவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கடுதாசி எதுக்குடா?

சரி விடு. மித்ராவப் பத்திச் சொல்றேன்.

முன் பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. சிரிச்சா அப்படியே நீதான். வர்ற ஜனவரியில ஒன்னாம் வகுப்பு. இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்ல, புதுத்துணி இல்ல. ஆனா ஸ்கூலுக்குக் காலுல மாட்ட சப்பாத்து வாங்கித்தானே ஆகணும்? அதுக்குத்தான் நாங்க மூணு பேரும் ஒரு பெரிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்குப் போனோம். சப்பாத்து வாங்கியாச்சு. கவிதா, "அக்கா, பிள்ளையப் பாத்துக்குங்க, டாய்லெட் போறேன்"னு உள்ள போனா. நானும் மித்ராவும் வாசல்ல நின்னோம்.

உள்ள யாரோ கைய காய வைக்கிற மெஷினத் தட்டினாங்க. இப்ப வர்ற மெஷின் எல்லாம் ஏரோப்ளேன் கிளம்புற மாதிரிதான் கத்துது. அவ்ளோதான். உன் மக போட்டாளே ஒரு சத்தம்! "அம்மா வெளிய வா! அம்மா வெளிய வா!" செவத்த எட்டி எட்டி ஒதைக்கிறா. உள்ள ஓட விடாமப் பிடிச்ச என் கையக் கடிச்சுட்டா. போற வர்ற ஜனமெல்லாம் என்னைப் பிள்ளை பிடிக்கிறவ மாதிரி பாக்குது. கவிதா ஈரக் கையோட ஓடி வந்தா. மித்ரா அவ மூஞ்சியத் தடவிப் பாத்தா, கையத் தடவிப் பாத்தா, நான் நோட்டத் தடவுற மாதிரியே. அப்புறம் நின்ன எடத்துலயே ஒன்னுக்குப் போயிட்டா.

எல்லாரும் சொன்னது ஒன்னுதான். பிள்ளைக்கு மெஷின் சத்தம்னா பயம், சின்னப் பிள்ளைங்களுக்கு இருக்குறதுதான், போகப் போகச் சரியாயிடும். கவிதாவும் அதத்தான் சொன்னா. எனக்கு மனசு ஒப்பல. சத்தத்துக்குப் பயந்த பிள்ளை வெளிய ஓடணும். வெளிய நிக்கிற பிள்ளை எதுக்கு உள்ள ஓடப் பாக்குது? இதுல வேற ஏதோ இருக்குன்னு அன்னைக்கே என் பெருவிரல் அரிச்சுது.

அதுக்குப் பெறகுதான் கவனிச்சோம். இப்பப் போற பாலர் பள்ளியில, அதான் தடிகாவுல, தண்ணியே குடிக்கிறதில்லையாம். காலையில கட்டிவிட்ட தண்ணி போத்தல் அப்படியே திரும்பி வருது. வீட்டுக்கு வந்ததும் பைய எறிஞ்சுட்டு பாத்ரூமுக்கு ஓடுறா. ஒரு நாள் காய்ச்சல் அடிச்சு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. கிளினிக்குல டாக்டர் அம்மா சொன்னாங்க, பிள்ளை ஒன்னுக்க அடக்கி அடக்கி வச்சு உள்ள கிருமி பிடிச்சிருக்கு, இப்ப மருந்துல போயிடும், இதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா கிட்னியக் கெடுத்துடும்னு.

கிட்னின்னு கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம்தான்டா. நம்ம அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்ததெல்லாம் நீயும் நானும்தானே? அந்தக் கட்டில்ல இந்தச் சின்ன உருவத்த என் மனசு கொண்டுபோய்ப் படுக்க வச்சுப் பாத்துச்சு. ஸ்கூல் ஆரம்பிச்சா காலையில இருந்து மதியம் வரைக்கும் வெளியதான் இருக்கணும். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி தெரிஞ்சாகணும். யாரோ பிள்ளைய எதையோ சொல்லிப் பயமுறுத்தி வச்சிருக்காங்க, அந்த ஆளப் பிடிக்காம விட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்.

மொதல்ல ராணி மேலதான் எனக்குச் சந்தேகம். உனக்கு அவளத் தெரியாது. நீ போன பெறகு கவிதா புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரியில வேலைக்குச் சேர்ந்தா. தடிகா விட்டு வந்தா பிள்ளையப் பாத்துக்குறதுக்கு கெப்பாலா பத்தாஸ்ல உங்க வீட்டுக்குப் பின் வரிசையில புதுசாக் குடி வந்த ராணிகிட்ட விட்டிருக்கா. குறும்பு பண்ணா பாத்ரூம்ல போட்டுப் பூட்டிடுறாளோன்னு எனக்கு. சொல்லிட்டுப் போனா உண்மை தெரியுமா? கடையில அரை நாள் லீவு சொல்லி, கடல் தாண்ட பெரி படகு ஏறி, பஸ் ஏறி, திடீர்னு போய் நின்னேன்.

"அட, வாங்கக்கா! தே ஓ குடிக்கிறீங்களா?"ன்னா. நான் கேக்காமலே தேத்தண்ணி குடுக்குறவங்கள நான் நம்புறதில்ல. குடிக்கிறேன்னு சொல்லிட்டு, "பாத்ரூம் எங்க?"ன்னு கேட்டு உள்ள போயிட்டேன். நல்லா பாத்தேன்டா. கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல, உடைஞ்சு போய் ஒரு கயித்தப் போட்டுக் கட்டி வச்சிருக்கா. ஒரு வாளி, தண்ணி மொள்ளுற ஒரு கயோங், ஒரு பிளாஸ்டிக் வாத்து. சத்தம் போடுற சாமான் ஒன்னுகூட இல்ல. செவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு காத வச்சுக் கேட்டுட்டு இருந்தேன்.

"என்னாலா அக்கா, உள்ள போயி இவ்ளோ நேரம்? வயிறு சரியில்லையா?"ன்னு அவ வெளிய இருந்து கத்துறா. மானம் போச்சு.

வெளிய வந்து மெதுவாக் கேட்டேன், மித்ரா இங்க ஒழுங்கா ஒன்னுக்குப் போறாளான்னு. "இங்க ஒரு பிரச்சினையும் இல்லக்கா. போறப்ப எல்லாம் 'ராணிம்மா, போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போவா. நான் 'ம்'னு சொல்ற வரைக்கும் வாசல்லயே நிப்பா. அடுப்புல கை வேலையா இருந்தாக்கூட விட மாட்டா லா."

இந்த வயசுப் பிள்ளை பாத்ரூம் போறதுக்கு இவ்ளோ மரியாதையா சொல்லிட்டுப் போகுமா? அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அடிச்சு அடக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன். பதில் அங்கயேதான் என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு, நான்தான் அதையும் கள்ள நோட்டுன்னு ஒதுக்கிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்தது யாரு? நீ கோவப்படக் கூடாது. கவிதாதான்.

ஒரு சனிக்கிழமை மித்ராவ எங்கிட்ட விட்டுட்டுப் போனா. பிள்ளையோட பையத் திறந்தா, உடுப்புக்கு அடியில ஒரு ஆரஞ்சு கலர் சாமான். தலைக்கு மேல வளைஞ்சு வந்து ரெண்டு காதையும் கெட்டியா மூடுறது. பேக்டரி சாமான்னு பாத்ததுமே தெரிஞ்சுது. பெரியவங்க மாட்டுறது பிள்ளை பையில எதுக்கு? என் புத்தி போன போக்கப் பாரு. அம்மாக்காரி போன்ல யார்கூடவோ பேசுறது பிள்ளை காதுல விழக்கூடாதுன்னு மாட்டி விடுறாளோன்னு நெனச்சேன். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? அவ கூட்டிட்டுப் போக வந்தப்ப அத மேசை மேல வச்சு, "இது என்னம்மா?"ன்னேன்.

அவ மொதல்ல சாதாரணமாத்தான் சொன்னா. "டாய்லெட்டுக்குக்கா. பேக்டரியில மெஷின் சத்தத்துக்குக் குடுக்குறது. சத்தத்துக்குப் பயப்படுற பிள்ளைங்களுக்கு இப்படிக் காத மூடிவிட்டு, கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போகச் சொல்லி போன்ல ஒரு வீடியோவுல பாத்தேன்." கைப்பையில இருந்து மஞ்சள் கலர் ஒட்டுற பேப்பர் கட்டு ஒன்னையும் எடுத்துக் காட்டினா. சில டாய்லெட்ல பின்னாடி ஒரு சின்னக் கண்ணு இருக்குமாம், ஆள் அசைஞ்சா அதுவே தண்ணி அடிச்சு விட்டுடுமாம். அந்தக் கண்ணு மேல பேப்பர ஒட்டிட்டா பிள்ளை எந்திரிக்கிற வரைக்கும் அது சும்மா இருக்குமாம். எல்லாம் செஞ்சு பாத்துட்டாளாம். "உள்ள கூட்டிட்டே போக முடியலக்கா. என்னையும் போக விட மாட்டேங்குறா"ன்னா.

நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "நீ வேற எதையோ மறைக்கிற"ன்னுட்டேன்.

அப்பத்தான் அவ மூஞ்சி மாறுச்சு. உன் பொண்டாட்டி கத்த மாட்டா, தெரியும்ல? மெதுவாத்தான் சொன்னா. "நீங்க என்னை எப்பத்தான் நம்புனீங்க? இவள சுடலைக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு என்னை ஒரு பார்வை பாத்தீங்களே, அது இன்னும் மாறலக்கா."

உண்மைதான். உனக்கு அது தெரியாது, நீ கூடத்துல படுத்திருந்தே. உன்னைத் தூக்குற நேரம். நம்ம வழக்கத்துல பொம்பளைங்க வாசலோட நின்னுக்கணும், வீட்டக் கழுவி விடணும். கவிதா நிக்கல. பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "நாங்களும் மின்சுடலைக்கு வரோம்"னு வண்டியில ஏறிட்டா. "பச்சப் பிள்ளைய அங்கெல்லாம் கூட்டிட்டுப் போகாத"ன்னு நான் அழுதுக்கிட்டே கத்தினேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. நான் வீட்டக் கழுவி விட்டேன். அந்தக் கோவம் எனக்குள்ள காயாமக் கெடந்துச்சு.

மேசை மேல இருந்த ஆரஞ்சு சாமான எடுத்துக்கிட்டு அவ போயிட்டா. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் எங்களுக்குள்ள பேச்சு இல்ல. பிள்ளைய மட்டும் சனிக்கிழமையில பெரி வந்து நிக்கிற ஜெட்டித் துறையில கைமாத்திக்குவோம். "சாப்டாளா?" "சாப்டா." அவ்ளோதான்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது நடந்துச்சு. மித்ராவ வாங்கிட்டு ஜெட்டியில நிக்கிறேன். எனக்கோ சர்க்கரை, நெனச்சா நெனச்ச நேரத்துக்கு அடக்க முடியாது. பெரி வர நேரமாகும் போல இருந்துச்சு. பிள்ளைய டாய்லெட் வாசலுக்கு இழுத்துட்டுப் போயி, "இங்கயே நில்லுடி தங்கம், அத்தை உள்ள போறேன்"னேன். உள்ள மெஷின் கத்திக்கிட்டு இருந்துச்சு.

என் இடுப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுட்டா. "போறேன்னு சொல்லாத அத்தை! போறேன்னு சொல்லாத!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாருடி இப்படிச் சொல்லிக் குடுத்தா? அம்மாவா? ராணியா?"

"யாரும் இல்ல. போறேன்னா வர மாட்டாங்க. அப்பா வரல."

என் அவசரமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அங்க இருந்த பெஞ்சுல உட்கார்ந்து அவளத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கடைக்கு வர்றவங்கள மெரட்டுற மாதிரி கேக்கக் கூடாதுன்னு எனக்கே புத்தி வந்துச்சு. சும்மா முதுகத் தடவிக்கிட்டு இருந்தேன். அவளேதான் சொன்னா. விட்டு விட்டுச் சொன்னா. நான் கோத்துக்கிட்டேன்.

நீ கடைசியா வேலைக்குப் போன அன்னைக்கு, ஓவர்டைம்னு விடியிறதுக்குள்ள கெளம்பிட்டே. அவ தூங்கிட்டு இருந்தா. எப்பவும் கேட் வாசல்ல மோட்டர் சைக்கிள நிறுத்தி, "மித்ராக்குட்டி, அப்பா போயிட்டு வரேன்"னு நீ சொல்லணும். அவ "ம், போயிட்டு வா"ன்னு பெரிய மனுஷி மாதிரி உத்தரவு குடுக்கணும். அன்னைக்கு நீ சொல்லல. அதனாலதான் நீ வரலையாம். அது அவ கணக்கு.

அதுக்குப் பெறகு அந்தப் பெரிய எடத்துக்குப் போனாங்களாம். அப்பா பெட்டியில தூங்கிட்டு இருந்தாராம். எல்லாரும் அழுதாங்களாம். இவளுக்கு ஒன்னுக்கு வந்துருச்சு. ஒரு ஆன்ட்டி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாம். இவ போறதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு திரும்பியிருக்கா. அப்பா சொல்லலேன்னா என்ன, நாம சொல்லுவோம்னு.

"அப்பா, போயிட்டு வரேன்னு சொன்னேன் அத்தை. ஆன்ட்டி என் வாய மூடிட்டாங்க. இங்க அப்படிச் சொல்லக்கூடாது, சும்மா வான்னு சொன்னாங்க. நான் சொல்லி முடிக்கல."

"அப்புறம்?"

"டாய்லெட்ல இருந்தேன். செவத்துக்குள்ள ஊஊஊன்னு பெரிய சத்தம். வெளிய வந்தேன். அப்பா இல்ல."

முரளி, அவள இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டேன்டா.

நம்ம அம்மா இருந்தப்ப, "போறேன்"னு சொன்னா வாயிலயே ஒன்னு போடுவாங்க. "போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு." சொல்லிச் சொல்லியே வளத்தாங்க நம்மள. அதே வாய்தான், சாவு வீட்டுல இருந்து கெளம்புறப்ப சொல்லிக்காமத்தான் வரணும்னும் சொல்லுச்சு. அங்க போய் "வரேன்"னு சொன்னா சாவுக்குத் திரும்ப வரேன்னு அர்த்தமாயிடும்னு. இது ரெண்டும் எனக்கும் உனக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு. ஒரு சின்னப் பிள்ளைக்கு இது ரெண்டும் எப்படி ஒன்னாப் பொருந்தும்? வீட்டுல சொல்லாமப் போனா தப்பு. அங்க சொன்னா வாய மூடுறாங்க. நடுவுல ஒரு சத்தம். திரும்பி வந்தா அப்பாவக் காணோம்.

அவளுக்குச் சத்தத்துக்குப் பயம் இல்லடா. சொல்லாமப் போனவங்க சத்தம் கேட்டதும் இல்லாமப் போயிடுவாங்கன்னுதான் பயம். அன்னைக்கு காம்ப்ளெக்ஸ்ல கவிதா "டாய்லெட் போறேன்"னுதானே உள்ள போனா? பிள்ளை அவ மூஞ்சியத் தடவிப் பாத்தது எதுக்குன்னு இப்ப வெளங்குதா? தடிகாவுல இவ போயிட்டு வரதுக்குள்ள டீச்சர் இருக்க மாட்டாங்க, கூட்டாளிங்க இருக்க மாட்டாங்கன்னு அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. தன் கிட்னியப் பணயம் வச்சு ஊரயே காப்பாத்திட்டு இருந்திருக்கா, உன் மக.

பெஞ்சுலயே உட்கார்ந்து கவிதாவுக்கு போன் போட்டேன். மொதல் தடவ எடுக்கல. அடுத்தது எடுத்தா. மித்ரா சொன்னத அப்படியே சொன்னேன். அப்புறம் அவ சொன்னா, "ஆமாக்கா. வாய்க்கரிசி போட என்னை முன்னால கூப்பிட்டாங்க. யாரோ பிள்ளைய டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போறது தெரிஞ்சுது. யாருன்னு பாக்கல. டாய்லெட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவர எரிச்ச அந்த அடுப்பு ஓடுற எடம். அத நான் யோசிக்கவே இல்ல."

"நீ எதுக்கும்மா அவளக் கூட்டிட்டுப் போன?"ன்னு கேட்டேன். இந்தத் தடவ நெசமாத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.

"காலையில எந்திரிச்சு, அப்பா எங்கிட்டச் சொல்லாமப் போயிட்டாருன்னு அழுதாக்கா. கடைசியா ஒரு தடவ அவர்கிட்டச் சொல்லிட்டு வரட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன்."

அவ சரியாத்தான் செஞ்சிருக்கா. என் பெருவிரல் நல்ல நோட்டையே கள்ள நோட்டுன்னு தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு பிள்ளையப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அது எனக்கும்தான்.

அந்த ஆன்ட்டி யாருன்னு மட்டும் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கு வந்த பொம்பளைங்க கொஞ்சம் பேர்தான். கேட்டா எல்லாரும் "நான் இல்லக்கா"ன்னு சொல்றாங்க, அதுல ஒருத்தி ரொம்ப வேகமாச் சொன்னா. கண்டுபிடிச்சா என்ன பண்ணப் போறேன்? அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் பிள்ளை வாய அப்படித்தான் மூடியிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும், அவ்ளோதான்.

இப்ப எப்படி இருக்கான்னு கேக்குற, சொல்றேன்.

அன்னைக்கே ஜெட்டியில ஆரம்பிச்சோம். கவிதா அடுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பி வந்துட்டா. வாசல்ல மூணு பேரும் நின்னோம். மொதல்ல நான். நல்லா சத்தமா, "மித்ரா, கவிதா, அத்தை போயிட்டு வரேன்!" ஜனமெல்லாம் திரும்பிப் பாக்குது, ஒன்னுக்குப் போறதுக்கு இவ்ளோ அலட்டலான்னு. மித்ரா ஒதட்டக் கடிச்சுக்கிட்டு, "ம், போயிட்டு வா"ன்னா. மெஷின் கத்துச்சு. நான் உள்ள இருந்தே கொரல் குடுத்தேன், "இருக்கேன்டி!" வெளிய வந்து மூஞ்சியக் குனிஞ்சு காட்டினேன். தடவிப் பாத்துக்கிட்டா. அப்புறம் கவிதா போயிட்டு வந்தா, அவளையும் தடவிப் பாத்தா. மூணாவதா உன் மக. காதுல ஆரஞ்சு சாமான், கையில மஞ்சப் பேப்பர். "அத்தை, போயிட்டு வரேன். நீ எங்கயும் போகக் கூடாது." நான் "ம், போயிட்டு வா"ன்னேன். அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனவ, போயிட்டு வந்துட்டாடா. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல.

உடனே எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காத. சில நாள் வாசல் வரைக்கும் வந்துட்டு மாட்டேங்குறா. ஒரு நாள் காய்கறி வாங்கப் போன பாசார்ல, டாய்லெட் வாசல்ல பக்கத்துல நின்ன ஒரு சீன ஆச்சிகிட்டப் போயி, "ஆச்சி, நீ சொல்லலையே"ன்னு மடக்கிட்டா. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மலாய்ல சொல்லிப் புரிய வச்சு, அவங்க சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டிட்டு உள்ள போனாங்க. தடிகாவுல டீச்சர்கிட்ட கவிதா பேசிட்டா. இப்ப டீச்சரும் "ம்"னு சொல்றாங்களாம். தண்ணி போத்தல் பாதி காலியா வருது. முழுசும் குடிக்கிறாளா, பூச்செடிக்கு ஊத்துறாளான்னு எனக்கு ஒரு சந்தேகம். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

உங்கிட்ட ஒன்னு கேக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.

திதிக்கு ஒனக்குப் படைச்சுட்டு, ஒன்னக் கரைச்ச அந்தக் கடற்கரைக்குப் போகணும்னு இருக்கோம். நேத்து தலை வாரிவிடுறப்ப மித்ரா கேட்டா, "அத்தை, அங்க போனா அப்பாகிட்டப் போயிட்டு வரேன்னு சொல்லலாமா? அன்னைக்கு நான் முடிக்கல." கவிதா என்னைப் பாத்தா. வாய மூட வேண்டிய ஆளு நான்தானே. ஆகாத வார்த்தை, அந்த எடத்துல சொல்லக்கூடாது, கரைச்சுட்டு வந்தா திரும்பிக்கூடப் பாக்கக்கூடாதுன்னு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. பயமாவும் இருந்துச்சுடா. மிச்சம் இருக்குறது இந்த ரெண்டு பேர்தான் எனக்கு. ஏதாவது ஆயிட்டா?

"சொல்லலாம்டி. நல்லா சத்தமாச் சொல்லு"ன்னேன்.

அதனால தம்பி, உனக்கு நான் ஒரு வாக்கு குடுக்குறேன். உன் மகளோட வாய இனிமே யாரும் மூட விட மாட்டேன், நானும் மூட மாட்டேன். பினாங்குல எத்தன டாய்லெட் இருக்கோ அத்தன வாசல்லயும் நின்னு "ம்" சொல்லுவேன், அவளுக்கே போதும்னு ஆகுற வரைக்கும். அன்னைக்குக் கடற்கரையில அவ அந்த வார்த்தைய முழுசாச் சொல்லி முடிப்பா. நீ உத்தரவு குடுத்துடு. உன் கொரல் கேக்கலேன்னா கவலைப்படாத, உனக்கும் சேத்து நானே "ம்" சொல்லிடுறேன். உன்னை மாதிரியே சொல்லத் தெரியும் எனக்கு.

நானும் அன்னைக்கு உங்கிட்டச் சொல்லலடா. வாசல்ல நின்னு அழுதேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லல. இப்பச் சொல்லிக்கிறேன்.

முரளி, போயிட்டு வரேன்.

உன் கூடப் பொறந்தவ,
மித்ராவுக்காக வாசல்ல நிக்கிற அத்தை,
உன் சந்தேகக்கார அக்கா